மிஷினுக்குள் பால்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல எழுதுவது என் மருமகள். நான் பேசுகிறபடியே எழுதாதே, புத்தகத்தில் வருகிற மாதிரி திருத்தி எழுது என்று சொல்லியிருக்கிறேன். கதையே அவள் செய்த மிஷினைப் பற்றியது என்பதால் நடுநடுவே பேனாவை நிறுத்திவிட்டு, "இது வேண்டாங்கத்தை" என்கிறாள். நான் விடுவதாக இல்லை.

எங்கள் வீடு கொல்லிமலையில், வளப்பூர் நாட்டுப் பக்கம். மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அதை நாடு என்போம். வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட கொட்டகை ஒன்று உண்டு. முன்பெல்லாம் அதில் மிளகு மூட்டையும் பலாப்பழமும் கிடக்கும். பழம் பழுத்துவிட்டால் உள்ளே கால் வைக்க முடியாது, அவ்வளவு ஈ. இப்போது ஈயே வருவதில்லை. உள்ளே போனால் இரும்பு வாசனை, எண்ணெய் வாசனை. மற்ற வீட்டு மருமகள்கள் பித்தளைக் குடம் கொண்டுவந்தார்கள் என்றால் என்னுடையவள் ஒரு பெட்டி நிறைய ஸ்பேனர் கொண்டுவந்தாள். குடமும் வந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் குடம் பரணில் இருக்கிறது. ஸ்பேனர்தான் தினமும் கையில்.

அவளுடைய அப்பா, என் சம்பந்தி, மலைக்குக் கீழே பேளுக்குறிச்சியில் ஜாக்கி ரிப்பேர் செய்கிறவர். லாரிக்கு டயர் மாற்றும்போது வண்டியைத் தூக்கி நிறுத்துவார்களே, அந்த ஜாக்கி. அவர் பட்டறையில் விளையாடி வளர்ந்த பெண் இவள். கல்யாணமாகி வந்த புதிதில் எங்கள் ஆட்டாங்கல்லை நகர்த்த வேண்டியிருந்தது. நான்கு ஆட்களைக் கூப்பிட வேண்டும் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். இவள் பெட்டியிலிருந்து ஒரு சொம்பு அளவு ஜாக்கியை எடுத்துக் கல்லுக்கடியில் வைத்து, ஒரு கையால் கைப்பிடியை மேலும் கீழும் ஆட்டினாள். இன்னொரு கை இடுப்பில். வாய் என்னிடம் ராத்திரிக்கு என்ன சமைப்பது என்று கேட்கிறது. கல் மேலே எழுந்துகொண்டிருக்கிறது!

"அதெப்படிக் கண்ணு? உன் கை இத்தனூண்டு, கல்லு அத்தாப் பெருசு" என்றேன்.

"எண்ணெ தூக்குதுங்கத்தை."

எண்ணெய் தூக்குமா? எண்ணெய் வழுக்கும், காயும், தலையில் வைத்தால் குளிர்ச்சி தரும். தூக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. நான் விடாமல் கேட்டுக் கேட்டு அவளை ஒரு வழி செய்துவிட்டேன். கடைசியில் அவள் இரண்டு ஊசிக் குழல் கொண்டுவந்தாள். ஒன்று மாட்டுக்கு ஊசி போட்ட டாக்டர் விட்டுப்போன பெரிய குழல். மற்றது மருந்துக் கடையில் வாங்கின சின்னக் குழல். இரண்டிலும் தண்ணீர் பிடித்து, சொட்டுநீர்க் குழாய்த் துண்டால் இரண்டையும் இணைத்தாள். "நீங்க சின்னதை அழுத்துங்க, நான் பெருசைப் புடிச்சுக்கறேன்" என்றாள். நான் ஒரு விரலால்தான் அழுத்தினேன். அவள் உள்ளங்கையை வைத்துப் பெரியதை அமுக்கிப் பிடித்தாள், பல்லைக் கடித்தாள், முகம் சிவந்தது. பெரியது அவள் கையைத் தள்ளிக்கொண்டு மேலே வந்தது. சின்னது ஒரு விரல் நீளம் போனால் பெரியது ஒரு நெல் அளவுதான் நகர்கிறது. ஆனால் அந்த நெல் அளவைத் தடுக்க முடியவில்லை.

"அப்ப உள்ள இருக்கறது நசுங்காதா?"

"தண்ணியோ எண்ணெயோ, நசுங்காதுங்க. அமுக்குனா வேற வழி பாத்துட்டுப் போவும்."

"உங்க மாமனாராட்டம்னு சொல்லு" என்றேன். அவர் அந்தப் பக்கம்தான் மிளகு அளந்துகொண்டிருந்தார். காதில் விழாத மாதிரி எழுந்து போய்விட்டார். பார்த்தீர்களா, வேறு வழி!

அதற்குப் பிறகுதான் மிஷின் யோசனை வந்தது. எங்கள் மலையில் குச்சிக்கிழங்கு, மரவள்ளி என்பார்களே அது, நிறைய. கிழங்கு லாரியில் கீழே போகிறது, ஜவ்வரிசியாகி மேலே வருகிறது. வீட்டிலும் கிழங்கைத் துருவித் துணியில் கட்டி முறுக்கினால் பால் வரும். அந்தப் பாலைப் பாத்திரத்தில் அசையாமல் வைத்தால் மாவு அடியில் உட்காரும், மேலே தண்ணீர் தெளியும். அந்த மாவில் வடகம் போட்டால் அப்பளம் தோற்றுவிடும். முறுக்குவதுதான் பாடு. இவளுக்குத் துணியை முறுக்கி முறுக்கி மணிக்கட்டு வீங்கிவிட்டது. "ஜாக்கியை உட்டுப் புழிஞ்சா என்னங்கத்தை?" என்றாள் ஒரு நாள். எனக்கு ஒரே குஷி.

பழைய இரும்புக் கடையிலிருந்து டிராக்டர் டிப்பரைத் தூக்குகிற பெரிய இரும்புக் குழாய் வந்தது. சிலிண்டர் என்பார்கள், கேஸ் சிலிண்டர் இல்லை. கையால் அடிக்கிற பம்ப் அவள் அப்பா பட்டறையிலிருந்து. எண்ணெய் நிற்க ஒரு பெயிண்ட் டப்பா. எவ்வளவு அமுக்கம் என்று காட்ட முள் வைத்த மீட்டர் ஒன்று. இதையெல்லாம் தாங்கிப் பிடிக்கக் கதவு நிலை மாதிரி கனமான இரும்புச் சட்டம் வேண்டும். அதற்கு இரும்பு எங்கே?

இருந்தது. என் மகன் மாட்டுக் கொட்டாய்க்குக் கூரை போட வாங்கி வைத்திருந்த இரும்புச் சேனல்கள், வாய்க்கால் மாதிரி குழிந்த நீளச் சட்டங்கள், சுவரில் சாய்ந்தபடி. அவன் வடக்கே போர்வெல் லாரியில், ரிக் என்பார்கள், வேலை செய்கிறான். போனால் பல மாதம் கழித்துத்தான் வருவான். அவள் போனில் கேட்டாள். நான் பக்கத்தில் காதை நீட்டிக்கொண்டு நின்றேன்.

"ஏனுங்க, அந்தச் சேனலை எடுத்துக்கட்டுங்களா?"

"ரிக்குல பாக்காத ஐட்ராலிக்கா? எண்ணெ தூக்கற மிஷினெல்லாம் ஊட்டுல செய்யற சமாச்சாரமில்ல புள்ள. எண்ணெ ஒழுவும், முள்ளு நிக்காது, கடைசில என் இரும்பும் போவும்."

"நிக்கும்ங்க."

பிறகு சொன்னான், "செரி. பொங்கலுக்கு நான் வாரேன். ஓடுச்சுன்னா மிஷினு. ஓடலைன்னா வெட்டி மாட்டுக் கொட்டாய்."

அவள் வெல்டிங் கண்ணாடி போட்டுக்கொண்டு சட்டத்தை ஒட்டினாள். என்னைத் திரும்பிக்கொள்ளச் சொன்னாள். நான் ஒரு தடவை திரும்பாமல் பார்த்துவிட்டு, கண்ணில் வெண்டைக்காய் விழுது வைத்துக்கொண்டு படுத்துக் கிடந்தேன். இதை எழுதாதே என்கிறேன், இதை மட்டும் சிரித்துக்கொண்டே எழுதுகிறாள்.

மிஷின் எழுந்து நின்றது. முதல் நாள் நான் கொண்டுபோனது ஓட்டை விழுந்த அலுமினியப் போசி. கீழே வைத்துப் பம்பை அடித்தாள். போசி முனகியது, மடங்கியது, அப்பளமாகிவிட்டது. மறுநாள் செங்கல். அடுத்து எலுமிச்சம்பழம், பலாக்கொட்டை, கொட்டைப்பாக்கு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு சத்தம் போட்டு உடைகிறது. பாக்கு ரொம்ப நேரம் தாங்கும், பிறகு பட்டாசு மாதிரி வெடிக்கும். "இன்னிக்கு எதைக் கொண்டாந்தீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் என்னை உள்ளே விடுவாள்.

ஊரில் இதற்கு எண்ணெய் மிஷின் என்று பேர் வந்துவிட்டது. அது நான் வைத்த பேர்தான், எண்ணெய்தானே தூக்குகிறது? குண்டனி நாட்டிலிருந்து ஒரு அம்மா தலையில் கடலைச் சாக்கோடு வந்துவிட்டாள். "எண்ணெ ஆட்டிக் குடுப்பீங்களாமா?" என்கிறாள். மிஷினுக்குள் எண்ணெய் ஊற்றித்தான் ஓட்ட வேண்டும், மிஷினிலிருந்து வராது என்று நான் விளக்கியதில் அவளுக்கு ரொம்பக் கோபம். "எண்ணெ குடிக்கற மிஷினை எதுக்கம்மா ஊட்டுல வெச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அந்த அம்மாவின் கண் பட்டது என்று நான் நினைத்தேன். அடுத்த வாரமே முள் நிற்கவில்லை. அடித்தால் ஏறும். கையை எடுத்ததும் வெயிலில் வைத்த வெண்ணெய் போல இறங்கிவிடும். முள் இறங்கினால் அமுக்கம் இல்லை என்று அர்த்தம். கிழங்கு பாதி பிழிந்தபடி உள்ளேயே பிடிவாதமாக உட்கார்ந்திருக்கும். மருமகள் பம்பைக் கழற்றினாள், மாட்டினாள், திரும்பக் கழற்றினாள். கையெல்லாம் கரி. மார்கழி மூடுபனி வேறு, கொட்டகைக்குள் பகலிலேயே இருட்டு. பொங்கல் வந்துகொண்டிருந்தது.

பலா மரத்தடியில்தான் எங்களுக்கு டவர் கிடைக்கும். அங்கே நின்று அவள் அப்பாவிடம் பேசுவது எனக்குக் கேட்டது.

"பால் ஒக்காரமாட்டேங்குதுங்கப்பா. புதுப் பால் போட்டும் அப்படியேதான் இருக்குது."

எனக்குக் குழப்பம். கிழங்குப் பாலே இன்னும் சரியாக வரவில்லை, அது எப்படி உட்காரும்? புதுப் பால் போட்டாளாமே, மிஷினுக்குப் பால் ஊற்றினாளா? தயிருக்கு உறை ஊற்றுவது போல இதற்கும் ஏதாவது ஊற்றுவார்களோ? ஆனாலும் அவள் முகம் இருந்த இருப்பில் கேட்க வாய் வரவில்லை. எண்ணெய் தூக்கும் என்பதே எனக்குத் தெரியாது, பால் என்ன செய்யும் என்று நான் கண்டேனா?

சந்தை நாளன்று அவள் பஸ் ஏறி அப்பாவிடம் போனாள். போன கொஞ்ச நேரத்தில் பலா மரத்தடியில் என் போன் அடித்தது. சம்பந்திதான்.

"ஏனுங்க தங்கச்சி, புள்ளைக்குப் போன் போட்டா எடுக்கமாட்டேங்குது."

"மலையெறங்குற வளைவுல இருக்கும்ங்கண்ணா. அங்கெ டவர் கெடைக்காது."

"செரி, நீங்களே பாத்துச் சொல்லுங்க. மிஷினுக்குள்ள பால் இருக்குதா, புள்ள கழட்டி எடுத்துட்டு வருதா?"

"பாலுங்களா?"

"பால்தானுங்க. உள்ளயே உட்டுட்டு வந்துச்சுன்னா, அளவு தெரியாம நான் என்னத்தைக் குடுக்கறது?"

அளவு என்றதும் எனக்குச் சந்தேகமே போய்விட்டது. பாலை அளக்காமல் எப்படி? போனைக் காதில் வைத்தபடியே கொட்டகைக்கு ஓடினால் பேச்சு அறுந்துவிடும். அதனால், "இருங்க, பாத்துட்டு வந்து கூப்புடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனேன். உள்ளே என்றால் எதற்குள்ளே? பார்க்கக்கூடிய உள்ளே ஒன்றே ஒன்றுதான், மூலையில் இருந்த எண்ணெய் டப்பா. மேலே மூடியாக ஒரு கொட்டாங்குச்சி. அதை எடுத்துவிட்டு டார்ச் அடித்தேன்.

பால்! வெள்ளை வெளேரென்று!

திரும்ப மரத்தடிக்கு வந்து கூப்பிட்டேன்.

"இருக்குதுங்கண்ணா. நெறைய இருக்குது."

"நெறையவா? ஒண்ணுதான இருக்கோணும்?"

"ஒண்ணா? ஒரு படி இருக்கும்ங்க."

"படியா?" அந்தப் பக்கம் ஏதோ ஸ்பேனர் கீழே விழுகிற சத்தம். "தங்கச்சி, நீங்க எதைப் பாத்தீங்க?"

"எண்ணெ டப்பாவைத்தான். புள்ள ஊத்துனதுங்களா? ஆனா காச்சாத பாலாட்டம் இருக்குது."

"டப்பாவுல எண்ணெ வெள்ளையாவா இருக்குது?"

"எண்ணெயே இல்லீங்க, பால்தான்னு சொல்றேன்ல!"

"அட சாமி!" என்று கத்தினார். "எண்ணெயில தண்ணி எறங்கிப்போச்சுங்க. பம்பு அடிக்க அடிக்க ரெண்டும் கலந்து பாலாட்டம் ஆயிரும். அந்தத் தண்ணி பட்டுத்தான் உள்ள துருப் புடிச்சிருக்குது. துரு மேல எந்தப் பால் ஒக்காரும்? எத்தனை மாத்துனாலும் ஒக்காராது!"

"அப்ப நீங்க கேட்டது எந்தப் பாலுங்க?"

"இரும்புப் பாலுங்க. மிளகத்தனை உருண்டை. எண்ணெ போற ஓட்டையில ஒக்காந்து, திரும்பி வராம அடைச்சுக்கும்."

"உருண்டையைப் போயி ஏனுங்க பாலுங்கறீங்க?"

"இங்கிலீசுல பந்துக்கு அதுதான் பேருங்க."

மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவரும் சிரித்தார். இத்தனை நாள் நாங்கள் ஆளுக்கொரு பாலைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

ஆனால் தண்ணீர் எப்படி உள்ளே போனது? எனக்கு அது தெரிந்தாக வேண்டும். அடுப்பை மறந்துவிட்டுக் கொட்டகைக்குள் ஒரு மனையைப் போட்டு டப்பாவுக்கு எதிரே உட்கார்ந்துவிட்டேன். வெளியே பனி சுவர் மாதிரி நிற்கிறது. தகரத்தின் உள்பக்கம் முழுக்க வியர்த்திருக்கிறது. ஒரு துளி நகர்ந்து, இன்னொரு துளியோடு சேர்ந்து, ஆணி அடித்த இடத்துக்கு வந்து தொங்கியது. டொக். நேராகக் கொட்டாங்குச்சிக்குள். நான் எட்டிப் பார்த்தேன், துளியைக் காணோம். கொட்டாங்குச்சிக்குக் கண் உண்டே, அந்த ஓட்டை வழியாகக் கீழே போய்விட்டது!

எண்ணெய் டப்பா மூச்சு விட வேண்டும், மூடியில் ஒரு ஓட்டை வேண்டும் என்று அவள் அப்பா சொல்லியிருந்தாராம். மூடிக்கு ஓட்டை போடுவானேன், கண் திறந்த கொட்டாங்குச்சியே இருக்கிறதே என்று இவள் எடுத்து வைத்திருக்கிறாள். நல்ல யோசனைதான். ஆனால் கிண்ணம் மாதிரி மல்லாக்க வைத்துவிட்டாள். பனித் தண்ணீரையெல்லாம் பிடித்துப் பிடித்து உள்ளே ஊற்றிக்கொண்டிருந்தது அது.

அவள் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது ஒரு கையில் எண்ணெய் கேன், மறு கையில் சின்னப் பொட்டலம். முகத்தில் சிரிப்பும் கோபமும் பாதிப் பாதி. சம்பந்திக்கு இனிமேல் பால் என்று சொல்லக் கூடாது, தமிழில் குண்டு என்றே சொல்வோம் என்று புத்தி வந்திருக்கிறது. அவள் பஸ் ஏறினதும் போனில் கூப்பிட்டு, "குண்டு பத்திரமா இருக்குதா சாமி?" என்று கேட்டிருக்கிறார். அவர் பேசினால் பக்கத்து சீட்டுக்கும் கேட்கும். "இருக்குதுங்கப்பா, மடியிலதான் வெச்சிருக்கறேன்" என்று இவள் சொன்னதும் பக்கத்தில் இருந்தவர் எழுந்து முன்னால் போய்விட்டாராம். கண்டக்டர் வந்து பொட்டலத்தைப் பிரித்துக் காட்டச் சொல்லியிருக்கிறார். மிளகு அளவு உருண்டை, பஸ் முழுக்கப் பார்த்ததாம்.

நான் அவளைக் கொட்டகைக்குக் கூட்டிப்போய் ஆணியையும் கொட்டாங்குச்சியையும் காட்டினேன். தலையில் கையை வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு கையை நீட்டிக் கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து, கண் துளி விழாத பக்கம் இருக்கும்படி வைத்தாள். அடுத்த துளி அதன் முதுகில் விழுந்து, வெளிப்பக்கமாக வழிந்து போனது.

பால் நிற எண்ணெயை எல்லாம் வடித்தோம். துருவைச் சுரண்டினாள். பழைய குண்டை அதன் குழியில் வைத்து, பித்தளைக் கம்பியை நிறுத்தி, சுத்தியலால் ஒரே ஒரு தட்டு. அந்தத் தட்டில் குழி குண்டுக்கு ஏற்றபடி படிந்துவிடுமாம். பிறகு பழைய குண்டை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தாள். புது எண்ணெய் ஊற்றினாள், தேன் மாதிரி இருந்தது. ஒரு சொட்டு விரலில் எடுத்து முகர்ந்தேன். நக்கவில்லை, அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நன்றாக ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பதற்குள் மகன் வந்துவிட்டான். தோளில் பை, கையில் கட்டிங் மிஷின். இரும்பு வெட்டுகிறது. வாசலிலேயே, "எங்கெ என் சேனல்?" என்றான்.

"மொதல்ல தண்ணி குடி சாமி" என்றேன்.

மருமகள் துருவின கிழங்கைத் துணியில் கட்டி எடுத்து வந்தாள். அவன் தடுத்தான். "கெழங்கு வெச்சா அது நசுங்க நசுங்க முள்ளு எறங்கத்தான் செய்யும். அப்பறம் அதைச் சாக்குச் சொல்லுவ. பலாக் கட்டையை வெச்சு அடி." ரிக்கில் வேலை செய்கிறவன், அவனுக்கும் தெரிகிறது.

கட்டையை வைத்தாள். அடித்தாள். முள் ஏறி நின்றது. தன் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து, முள் நின்ற இடத்தில் மீட்டர் கண்ணாடி மேல் ஒட்டினாள். "நீங்க சோறு உண்டு கை கழுவற வரைக்கும் முள்ளு பொட்டை உட்டு எறங்கிச்சுன்னா வெட்டிக்கோங்க" என்றாள்.

கொட்டகையிலேயே சாப்பாடு போட்டேன். களி, அவரைக்காய்க் குழம்பு. என் வீட்டுக்காரர் கூட வந்து உட்கார்ந்தார், இந்தத் தடவை வேறு வழி பார்க்கவில்லை. யாரும் தட்டைப் பார்க்கவில்லை. எல்லாருக்கும் கண் பொட்டு மேல். குழம்பு ஊற்றும்போது எனக்குக் கை தவறி அவன் முழங்காலில் ஊற்றிவிட்டேன். அவன் துடைக்கக்கூட இல்லை. களியை உருட்டுகிறான், முள்ளைப் பார்க்கிறான், விழுங்குகிறான். இன்னொரு உருண்டை வாங்கினான். பிறகு இன்னொன்று. இறங்கட்டும் என்றுதான் இத்தனை சாப்பிடுகிறானோ என்று எனக்குத் தோன்றியது. மருமகள் ஒரு வாய் கூட வைக்கவில்லை. வீங்கின மணிக்கட்டை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கடைசியில் எழுந்து வெளியே போய்க் கை கழுவினான். திரும்பி வந்து மீட்டருக்கு முன்னால் குனிந்தான். முள்ளைக் காணோம். பொட்டுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தது.

சிலிண்டரைத் தொட்டுப் பார்த்தான். சட்டத்தின் வெல்டிங்கை நகத்தால் சுரண்டிப் பார்த்தான். கொட்டாங்குச்சியைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கவனமாகக் கவிழ்த்தே வைத்தான்.

"அம்மா" என்றான், அவளைப் பார்க்காமல். "மாட்டுக் கொட்டாய்க்கு மூங்கில் வெட்டணும். அப்பாவை அருவாளைத் தீட்டி வெக்கச் சொல்லு."

அப்பா எதிரேதான் உட்கார்ந்திருந்தார்.

அன்றைக்குக் கிழங்கு மூட்டையை வைத்து அவனேதான் பம்பை அடித்தான், என்னைக்கூட விடவில்லை. நாலாபக்கமும் பால் வழிந்தது. பிழிந்த தண்ணீர் ஆட்டுக்குப் போகக் கூடாது, குடித்தால் மயங்கிவிழும் என்று நான் கத்திக்கொண்டே பாத்திரம் மாற்றி மாற்றி வைத்தேன். மாடுகள் இப்போது மூங்கில் கூரைக்குக் கீழே இருக்கின்றன. அவை ஒன்றும் குறை சொல்லவில்லை.

மகன் திரும்ப வடக்கே போய்விட்டான். போன் செய்தால் முன்பு மழையா, மிளகு எப்படி என்று கேட்பான். இப்போது எடுத்ததுமே, "அம்மா, பால் ஒக்காந்துச்சா?" என்கிறான்.

"எந்தப் பாலு சாமி?" என்று கேட்கிறேன் நான்.